யாலா: பெத்தோங்கோட திரும்பிடாதீங்க

போன மாசம் பள்ளி லீவுல நாங்க நாலு பேர் (நான், வீட்டுக்காரர், மகன், எங்கம்மா) தாய்லாந்து பக்கம் யாலா மாநிலத்துக்கு ரெண்டு ராத்திரி மூணு நாள் போயிட்டு வந்தோம். மலேசியாவுல சுங்கைப்பட்டாணில இருந்து பாலிங், பெங்காலான் ஹூலு வழியா போனா எல்லை பக்கம்தான். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பஸ் டூர்ல யாலாவோட எல்லை ஊரான பெத்தோங் போயிருக்கேன், ரெண்டு தடவயும் ஒரே கததான், பெரிய தபால் பெட்டிகிட்ட போட்டோ, கோழி, சுடுதண்ணி குளம், கடத்தெரு, மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தாச்சு. பெத்தோங் போனா யாலா பாத்த மாதிரின்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அது தப்புன்னு இந்த தடவதான் புரிஞ்சுது, அதுக்கு காரணம் நாங்க எடுத்த வாடகை வேனும் அத ஓட்டுன டிரைவர் பாங்கும்தான். அதனால இந்த ரிவ்யூ அந்த வேன் சர்வீஸப் பத்தியும், அவர் காட்டுன ஊரப் பத்தியும் சேத்துதான் எழுதுறேன்.

மொதல்ல வேன் கணக்க சொல்லிடுறேன். பத்து பேர் உக்கார்ற வேன், நாங்க நாலு பேருங்கறதால நல்லா காலு நீட்டி உக்காந்தோம். மூணு நாளைக்கு பெட்ரோல், டிரைவர் சாப்பாடு, தங்குற செலவு எல்லாம் சேத்து 7,500 பாட். எங்க காடிய (கார) பெங்காலான் ஹூலுல தெரிஞ்சவங்க வீட்ல விட்டுட்டு, எல்லைய தாண்டி தாய்லாந்து இமிகிரேசன் வாசல்ல இருந்து அவர் ஏத்திக்கிட்டாரு. சொந்த காடில போனா இன்சூரன்ஸ் பேப்பர், காடி பேப்பர்னு தனி வேல, அதுக்கும் மேல அந்த மலை ரோடு நமக்கு பழக்கம் கெடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள அந்த டிஜிட்டல் அரைவல் கார்ட ஆன்லைன்ல போட்டுருங்க, 2025 மே மாசத்துல இருந்து கேக்குறாங்க, கவுண்டர்ல வந்து போன்ல தட்டிக்கிட்டு நின்னவங்கள பாத்தா பாவமா இருந்துச்சு.

மொத நாளே ஒரு கொளறுபடி. காலைல 10 மணிக்கு நிக்கிறேன்னாரு, நாங்க 10 மணிக்கு போய் நின்னா ஆளக் காணோம், போன் பண்ணா தாய் சிம்முல எடுக்கல, அம்மா வெயில்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. அவர் சொன்னது தாய்லாந்து டைம் 10, அதாவது நமக்கு 11. அங்க நம்மள விட ஒரு மணி நேரம் பின்னாடி. அவர் சரியா சொன்ன டைமுக்குத்தான் வந்தாரு. புக் பண்றவங்க எந்த ஊரு டைம்னு கேட்டு வச்சிக்கோங்க, அவங்களும் அத மெசேஜ்லயே எழுதி அனுப்புனா நல்லது, ஏன்னா அங்க போற கூட்டம் பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான்.

பாங்குக்கு அம்பது வயசு இருக்கும். பட்டாணி மலாய் (தெக்கு தாய்லாந்து மலாய்) பேசுறாரு, கேக்குறதுக்கு கிளந்தான் மலாய் மாதிரியே இருக்கு, வார்த்தையோட கடைசி எழுத்தெல்லாம் முழுங்கிடுவாங்க. எனக்கு மொத அரை மணி நேரம் பாதி புரியல, அம்மாவுக்கு ஒரு நிமிசத்துல புரிஞ்சிடுச்சு. அவர் "மாக்சிக்" (மலாய்ல அத்தை மாதிரி)னாரு, அம்மா "தம்பி"ன்னாங்க, அதோட முன் சீட்டு அம்மாவோடதா ஆயிடுச்சு, மூணு நாளும் நாங்க பின்னாடிதான்.

வேன் கிளம்புன ஒடனே அவர் சொன்ன மொத விசயமே எனக்கு புதுசு. பெங்காலான் ஹூலு, அதோட பழைய பேரு க்ரோ, அந்த பக்கமெல்லாம் ஒரு காலத்துல ரேமான்னு ஒரு மலாய் ராஜாவோட நாட்டுல சேந்தது, 1909-ல பிரிட்டிஷ்காரனும் சயாமும் போட்ட ஒப்பந்தத்துலதான் அது பேராக்குக்கு வந்துச்சாம். மிச்சம் யாலாவுக்குள்ள போயிடுச்சு, இன்னிக்கும் ராமான்னு ஒரு மாவட்டம் யாலால இருக்கு. அவரோட சொந்தக்காரங்க பாதி பேரு இந்த பக்கம், பாதி பேரு அந்த பக்கம். நாம வருசத்துக்கு ஒரு தடவ கோழி திங்க தாண்டுற கோடு, அவங்களுக்கு வீட்டு நடுவுல விழுந்த கோடு.

மொத நாள் பெத்தோங்தான். இத சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கோழி நல்லா இருந்துச்சு, தோலு மஞ்சளா, கறி கெட்டியா, மேல சோயா சாஸும் எண்ணெயும், பக்கத்துல ஓடைத் தண்ணில வளர்ற கீரைய பூண்டு போட்டு வதக்கி தருவாங்க, அந்தக் கீரைக்காகவே இன்னொரு தட்டு வாங்கலாம். பழைய தபால் பெட்டி 1924-ல மணிக்கூண்டு பக்கத்துல கட்டுனது, ரொம்ப பெருசா இருக்குறது பின்னாடி கட்டுனது, ரெண்டையும் பாருங்க, பழசு எனக்கு பிடிச்சுது. சாயங்காலம் மணிக்கூண்ட சுத்தி கரண்டு கம்பில தகைவிலான் குருவிங்க வரிசையா வந்து உக்காரும், குளிர் காலத்துல வடக்க இருந்து வர்றதுங்க, அப்படி ஒரு கூட்டம், அம்மா தலைல துண்ட போட்டுக்கிட்டு நின்னு பாத்தாங்க.

பியாமித் சுரங்கத்துக்கும் போனோம். மலாயா கம்யூனிஸ்டுங்க 1976 வாக்குல மலைக்குள்ள தோண்டுனது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், மூணு மாசத்துல கையால தோண்டியிருக்காங்க, பிளேன் குண்டு போட்டா உள்ள பதுங்கிக்கவும் சாப்பாட்டு சாமான் வைக்கவும். உள்ள ஈரம், சில எடத்துல சாஞ்சுதான் போகணும், முட்டி வலி உள்ளவங்க வெளிய நின்னுக்கிறது நல்லது. 1989 டிசம்பர் 2 ஹாட்யாய்ல சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி சண்ட முடிஞ்சுது. பாலிங் வழியா வந்தோம்ல, அதே பாலிங்லதான் 1955-ல அப்ப மலாயா முதலமைச்சரா இருந்த துங்குவும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் உக்காந்து பேசுனாங்க, பேச்சு ஒத்து வரல. பாலிங்குக்கும் பெத்தோங்குக்கும் நடுவுல ரெண்டு மணி நேர ரோடு கூட இல்ல, ஆனா அந்தப் பேச்சு முடிய 34 வருசம் ஆயிருக்கு, இத மகனுக்கு சொல்லி புரிய வைக்க எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு.

அன்னிக்கு ராத்திரி தங்குன ஹோட்டல் பத்தி ஒரே வரி, பேரு போடல, சுடுதண்ணி வரல, பெத்தோங் மலை ஊரு, ராத்திரி குளுருது, ரூம் மாத்தி கேட்டதுக்கு சரியா பதிலே சொல்லல. வயசானவங்க இருந்தா ரூம்ல நொழஞ்ச ஒடனே பைப்ப தொறந்து பாத்துடுங்க. பாங்குதான் அவர் தெரிஞ்ச கடைல இருந்து சுடுதண்ணி பிளாஸ்க் ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு, கேக்கவே இல்ல நாங்க.

ரெண்டாவது நாள் வெள்ளிக்கிழம. இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

காலைல தாய்லாந்து டைம் 4 மணிக்கு கிளம்பி ஆயேர்வெங் மலைக்கு போனோம். பெத்தோங்ல இருந்து வடக்க, 410 நம்பர் ரோட்ல. இருட்டுல வேன் வளஞ்சு வளஞ்சு போகுது, மகனுக்கு கொமட்டல், மாத்திர போட்டுக்கிட்டு போங்க. மேல கண்ணாடி பாலம் கட்டியிருக்காங்க, காலணி மேல துணி உறை மாட்டிக்கிட்டுத்தான் கண்ணாடில கால் வைக்க விடுவாங்க. விடியிற வரைக்கும் ஒண்ணும் தெரியல. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் வந்துச்சு, காலுக்குக் கீழ முழுக்க பனி மூட்டம், வெள்ளையா, அசையாம, நடுநடுவுல மலை உச்சி மட்டும் கருப்பா நிக்குது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்போது பாங்கு அம்மாகிட்ட கைய நீட்டி ஒண்ணு காட்டுனாரு, அதுதான் எனக்கு அந்த எடத்துல கெடச்ச பெரிய விசயம். மூட்டம் எங்கெல்லாம் கெட்டியா இருக்கோ அதுக்கு கீழதான் தண்ணி இருக்குன்னாரு. அந்த பக்கம் ஹாலா பாலா காடு, மலேசியா எல்லை வரைக்கும் போற பெரிய காடு, இருவாச்சி பறவைங்க இருக்குற காடு, அதுக்குள்ள இருந்து வர்ற ஓடைங்க, கீழ பாங்லாங் அணையோட ஏரி. பனி கலஞ்சு மேல ஏற ஏற, அவர் சொன்ன மாதிரியே கீழ ஏரி ஒரு துண்டு பளிச்சுன்னு தெரிஞ்சுது.

யாலாவுக்கு கடல் கெடையாது. பக்கத்துல சொங்க்லா, பட்டாணி, நராதிவாத் மூணுக்கும் கடல் இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. தெக்க நம்ம கெடாவும் பேராக்கும், எல்லையில சங்கலாகிரி மலைத்தொடர், நம்ம திதிவங்சாவோட சொந்தக்கார மலைங்க. அந்த மலைல பேயற மழை எல்லாம் பட்டாணி ஆறா சேந்து வடக்கு பாத்து ஓடி, யாலா முழுக்க தாண்டி, பட்டாணில கடல்ல சேருது. 410 ரோடும் பெரும்பாலும் அந்த ஆத்த ஒட்டியேதான் போகுது. பெத்தோங்கு இந்த மாநிலத்தோட ஒரு மூலை, மலை மேல இருக்குற ஒரு முனை, அவ்வளவுதான். அத மட்டும் பாத்துட்டு வர்றது தலைவாசல்ல நின்னுட்டு வீட்ட பாத்தேன்னு சொல்ற மாதிரி.

பெத்தோங்ல இருந்து யாலா டவுனுக்கு கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், மூணு மணி நேரம் சொல்வாங்க, நாங்க நாள் பூரா எடுத்துக்கிட்டோம். தான் தோ தாண்டி வரும்போது ஒரு எடத்துல ரோடு மலைய குடைஞ்சு ஆத்துக்கு மேல தொங்குற மாதிரி போகுது. என் வீட்டுக்காரருக்கு யுத்த சரித்திரம் பைத்தியம், அவர்தான் சொன்னாரு, 1941 டிசம்பர் 8 ஜப்பான்காரன் பட்டாணில எறங்குன அன்னிக்கு, க்ரோவுல இருந்து ஒரு பிரிட்டிஷ் படைய எல்லை தாண்டி இதே ரோட்ல அனுப்புனாங்க, அதுல முன்னாடி போனது பஞ்சாப் ரெஜிமெண்ட் சிப்பாய்ங்க. இந்த மாதிரி மலை ஓரத்துல ஒரு எடத்த மொதல்ல போய் புடிக்கணும்னு திட்டம், ஆனா ஜப்பான்காரன் டாங்கியோட முந்திக்கிட்டான். சரியா எந்த வளைவுன்னு எங்களால காட்ட முடியல. ஆனா ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், இதுல எதிர்ல டாங்கி வந்தா மனுசன் எங்க போவான்னு அந்த எடத்த நேர்ல பாத்தாத்தான் புரியும்.

பாங்லாங் அணை 1981-ல முடிச்சது, தெக்கு தாய்லாந்துல மொத பல்நோக்கு அணை, 85 மீட்டர் ஒசரம். மேல நின்னு பாத்தா ஏரிக்கு நடுவுல சின்னச் சின்ன திட்டு, அதெல்லாம் முன்னாடி குன்று உச்சியா இருந்தது. மகன் ரொம்ப நேரம் அத பாத்துக்கிட்டு இருந்தான். அடில இருந்த வீடெல்லாம் என்ன ஆச்சுன்னு கேட்டான், பாங்கு ஜனங்கள மேட்டுல குடி வச்சாங்கன்னு சொன்னாரு, அதுக்கு மேல பேசல.

பன்னாங் சத்தாவுல மத்தியானம் ஆயிடுச்சு, வெள்ளிக்கிழம தொழுகைக்கு அவர் போகணும். இது முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருந்தாரு, வெள்ளிக்கிழம புக் பண்றவங்க ஒரு மணி நேரம் இதுக்கு ஒதுக்கி வைங்க, மரியாதையா கேட்டுக்கிட்டுத்தான் போவாரு. ஊரு பேருக்கு கூட அர்த்தம் சொன்னாரு, பெண்டாங்னா வயலு, சத்தான்னா ஸ்டார் மரம், நம்ம அலோர் ஸ்டார்ல இருக்குற அதே மரத்துப் பேரு. வேன பள்ளிவாசல் பக்கத்துல ஒரு நெழல்ல விட்டுட்டு போனாரு. எதிர்ல ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டம், தோட்டம்னா நம்ம எஸ்டேட் மாதிரி இல்ல, ஒரு குடும்பத்துக்கு சொந்தமான கொஞ்ச நெலம்.

எங்கம்மா பதினாறு வயசுல இருந்து பால் வெட்டுனவங்க. பீடோங் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருபத்தஞ்சு வருசம், அந்தத் தோட்டம் இப்ப செம்பனையா மாறி, அப்பறம் வீடமைப்பா மாறிடுச்சு. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள அம்மா வேன விட்டு எறங்கி ரோட்ட தாண்டி நெரைக்குள்ள போயிட்டாங்க. நான் பின்னாடியே ஓடுனேன். அம்மா ஒரு மரத்துகிட்ட நின்னு வெட்டுப்பட்டைய வெரலால மேல இருந்து கீழ தடவிப் பாத்தாங்க. சாய்வு சரியா இருக்கான்னு தலைய சாச்சு பாத்தாங்க. பால் வடியிற மங்கு (கிண்ணம்) கம்பில மாட்டி இருந்துச்சு, உள்ள நேத்து ஒறஞ்ச ஒட்டுப்பால், அத ஒரு ஓரத்துல புடிச்சு இழுத்து மோந்து பாத்தாங்க. எனக்கு அந்த நாத்தம் சின்ன வயசுல அம்மா துணில அடிச்ச நாத்தம், அப்படியே அடிவயிறு கலங்கிடுச்சு. "காயம் இல்லாம வெட்டியிருக்கான், நல்ல கை"ன்னு சொன்னாங்க. பட்டைய தாண்டி கத்தி கட்டைல பட்டா மரத்துல காயம் விழும், அப்பறம் அந்த எடத்துல பட்டை மேடு பள்ளமா வளரும், திரும்ப வெட்ட ஆவாது, தோட்டத்துல காயம் பட்டா கங்காணி சம்பளத்துல புடிப்பாரு. அத அம்மா எனக்கு இத்தன வருசத்துல சொன்னதே இல்ல.

ஆனா வெட்டுனது ஆம்பள இல்ல, ஒரு அம்மா. வீட்டு வாசல்ல உக்காந்து எங்கள பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க, எழுந்து வந்தாங்க, நாங்க மன்னிப்பு கேக்கறதுக்கு முன்னாடி பாய் விரிச்சு உக்கார சொன்னாங்க. ரெண்டு பேரும் மலாய்ல பேச ஆரம்பிச்சாங்க. அவங்க ராத்திரி 1 மணிக்கு நெத்தில லைட்டு மாட்டிக்கிட்டு வெட்டப் போவாங்களாம், குளுர்ச்சில பால் நல்லா எறங்கும், வெள்ளிக்கிழம மட்டும் வெட்டு கெடையாது. எங்கம்மா காலைல பெரட்டுல (வேலைக்கு முன்ன பேர் கூப்புடுற எடம்) பேரு குடுத்துட்டு இருட்டுல போன கதைய சொன்னாங்க, காண்டாவுல (தோள்ல வைக்கிற கம்பு) வாளி தூக்கி தோள்ல காச்ச தழும்ப காட்டுனாங்க. அவங்க தோள்ல தழும்பு இல்ல, மோட்டார் சைக்கிள்ல வச்சு கொண்டு போறாங்களாம். அம்மா அதக் கேட்டு "அது போதும்மா, நீ நல்லா இரு"ன்னு தமிழ்லயே சொல்லிட்டாங்க, அவங்களுக்கு புரிஞ்ச மாதிரித்தான் தலையாட்டுனாங்க.

பாங்கு தொழுதுட்டு வந்து, அவசரப்படுத்தல, ஓரமா வந்து உக்காந்துக்கிட்டாரு. சர்வீஸ்னு பாத்தா எனக்கு இதுதான் பெருசு. பஸ் டூர்ல போனப்ப கடைல எறக்கி விட்டு அரை மணி நேரம்னு விசில் ஊதுவாங்க.

அம்மா வெள்ளிக்கிழம சைவம். பன்னாங் சத்தாவுல, வழியில உள்ள கடைங்கள்ல கறி மீன் இல்லாம கெடைக்கறது கஷ்டம்னு நான் பிஸ்கட் எடுத்து வச்சிருந்தேன். யாலா டவுனுக்குள்ள வந்ததும் அவர் மஞ்சள் கொடி போட்ட கடையா தேடிப் போனாரு. மஞ்சள் துணில செவப்பு எழுத்துல தாய் மொழில "ஜே"ன்னு போட்டிருக்கும், அது சீனங்களோட சைவக் கடைக்கு அடையாளம், முட்டை கூட போட மாட்டாங்க, வெங்காயம் பூண்டும் கெடையாது. அம்மாவுக்கு ரொம்ப திருப்தி. சைவம் சாப்டறவங்க தாய்லாந்துல எங்க போனாலும் அந்தக் கொடிய பாத்து வச்சிக்கோங்க.

யாலா டவுனு நான் நெனச்ச மாதிரியே இல்ல. ஊருக்கு நடுவுல நகரத் தூண் கோயில், அத சுத்தி வட்டத்துக்குள்ள வட்டமா ரோடு, அதுல இருந்து வண்டிச் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி நேர் ரோடுங்க, எல்லாம் அகலம், மரம், சுத்தம். சாயங்காலம் பூங்கா பக்கம் போனா ஒசர ஒசரமா கம்பம் நட்டு மேல கூண்டு, கூண்டுக்குள்ள மெர்போக் புறா. யாலா இதுக்கு பேர் போன ஊரு, இந்த புறா கூவுற போட்டிக்கு நம்ம மலேசியால இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் வருவாங்க. சத்தம், சுருதி, இழுத்து கூவுறது எல்லாத்துக்கும் மார்க்காம். ஒரு தாத்தா கயித்த இழுத்து கூண்ட மெதுவா எறக்கி, புறாவுக்கு வாயால தண்ணிய ஊதி தெளிச்சாரு, மகன் அத பாத்து வீட்டுக்கு ஒண்ணு வேணும்னு ஒத்த கால்ல நின்னான்.

டவுனுக்கு வெளிய குகைக் கோயில் ஒண்ணு, வாட் குகாபிமுக். பேருலயே குகையும் முகமும் இருக்கு, நமக்கு விளக்கம் வேண்டாம். சுண்ணாம்புக்கல் மலை, படி ஏறுனா வாசல்ல ஒரு பூத காவலன் நிக்கிறாரு, உள்ள சயன புத்தர், 80 அடிக்கு மேல நீளம், புத்த வருசம் 1300, அதாவது கி.பி. 757 வாக்குல செஞ்சதுன்னு சொல்றாங்க, ஸ்ரீவிஜய காலம். குகைக்கு மேல ஒரு ஓட்ட வழியா வெளிச்சம் சாஞ்சு விழுது. அம்மா கும்புட்டுட்டு கிட்ட போயி தல மாட்டுல பாத்தாங்க, தலைக்கு மேல நாகம் படம் எடுத்து நிக்குது. "இது பெருமாளுடி"ன்னாங்க. நான் சும்மா இரும்மான்னேன். அப்பறம் பாத்தா, மொதல்ல இது பாம்பணைல படுத்த நாராயணரா இருந்து பின்னாடி புத்தரா மாத்தியிருக்கலாம்னு அங்க ஒரு கருத்தே இருக்கு, காரணம் அந்த நாகம்தான். அம்மா கண்ணு தப்பல. அவங்க கோவிந்தா சொல்லி இன்னொரு தடவ கும்புட்டாங்க, கோயில் ஆளுங்க யாரும் ஒண்ணும் சொல்லல. பாங்கு வெளிய படிக்கட்டுல உக்காந்து எங்க செருப்ப பாத்துக்கிட்டு இருந்தாரு.

பாதுகாப்பு பத்தி எல்லாரும் கேப்பீங்க, ஒளிக்காம சொல்றேன். 2004-ல இருந்து யாலா, பட்டாணி, நராதிவாத் மூணுலயும் பிரச்சன இருக்கு, குண்டு வெடிப்பு நடந்திருக்கு, பெத்தோங்லயும் 2014-ல நடந்துச்சு. பெத்தோங் விட்டு எறங்குனா வழில ராணுவ செக்பாயிண்ட் நெறைய, மணல் மூட்ட, துப்பாக்கி. ஒவ்வொரு எடத்துலயும் பாங்கு வேகத்த கொறச்சு, கண்ணாடிய எறக்கி, முகம் தெரியிற மாதிரி வச்சு, ஒரு வணக்கம் சொல்லிட்டு போனாரு. எங்கள ஒருத்தரும் தொந்தரவு பண்ணல. இருட்டுனப்பறம் 410-ல ஓட்ட மாட்டேன்னு மொதல்லயே சொல்லிட்டாரு, அதனாலதான் யாலாவுலயே ராத்திரி தங்குனோம். போறதுக்கு முன்னாடி அரசாங்கம் என்ன சொல்லுதுன்னு பாத்துக்கோங்க, உங்க இன்சூரன்ஸ் அந்த மாநிலத்துக்கு செல்லுமான்னு கேட்டுக்கோங்க, மனசுல பயம் இருந்தா போகாதீங்க. அங்க இருக்குற ஜனங்க தெனமும் அதுக்குள்ளதான் சந்தைக்கு போறாங்க, புள்ளைய பள்ளிக்கு அனுப்புறாங்க, அத பாத்துட்டு வந்ததுல இருந்து அந்த ஊரு செய்தி வந்தா நான் சேனல மாத்துறது இல்ல.

மூணாவது நாள் காலைல பசியாற நாசி கெராபு மாதிரி ஒண்ணு, சோத்துல இலை தழை எல்லாம் பொடிசா நறுக்கி பெசஞ்சு, கூட இழுத்த தேத்தண்ணி. கிளம்புற முன்னாடி பாங்கு எங்கள ஆத்தங்கரைக்கு கூட்டிட்டு போனாரு. பட்டாணி ஆறு, நேத்து மலைல ஓடையா பாத்தது, இங்க அகலமா, காப்பித் தண்ணி கலருல, அவசரமே இல்லாம போகுது. ஒருத்தர் இடுப்பளவு தண்ணில நின்னு வலை வீசுனாரு. தோள்ல பாதி, முழங்கைல கொஞ்சம், பல்லுல ஒரு நுனி, ஒரு சொழட்டு, வலை வட்டமா விரிஞ்சு விழுந்துச்சு. பாங்கு "ஜாலா"ன்னாரு. மலாய்ல ஜாலான்னா வீச்சு வலை, சமஸ்கிருதத்துல இருந்து போன சொல்லு, அதுதான் தாய்க்காரங்க வாயில யாலா ஆச்சு. கடலே இல்லாத மாநிலத்துக்கு வலைன்னு பேரு. வலைல சின்னச் சின்ன மீனா அஞ்சாறு இருந்துச்சு, அவர் ரெண்ட திரும்ப தண்ணிலயே விட்டாரு.

திரும்ப மலை ஏறி பெத்தோங் பக்கம் வந்து மத்தியான சாப்பாடு. அங்க மலைல இருந்து வர்ற ஓடைய அப்படியே குளத்துக்குள்ள விட்டு, அந்த பக்கம் வெளிய ஓட விட்டு, ஓடுற தண்ணில திலாப்பியா வளக்குறாங்க. நம்ம ஊரு திலாப்பியான்னா அம்மா கிட்டயே சேக்க மாட்டாங்க, சேறு வாடை அடிக்கும்னு. இத மொத வாய் வச்சுட்டு ஒண்ணும் பேசல, முள்ள மட்டும் தட்டு ஓரத்துல அடுக்கி வச்சு முழு மீனையும் முடிச்சாங்க. சதை கெட்டியா, வாடை சுத்தமா இல்ல, செதிலயும் மொறுமொறுன்னு பொரிச்சு தர்றாங்க.

வேன் சர்வீஸ்ல கொற சொல்லணும்னா, பின் சீட்டுக்கு ஏர்கான் காத்து சரியா வரல, நடு சீட்டு பெல்ட் ஒண்ணு வேல செய்யல, அந்த மலை ரோட்டுக்கு அது கண்டிப்பா வேணும், சொன்னேன், அடுத்த டிரிப்புக்குள்ள மாத்திடுறேன்னு ஒத்துக்கிட்டாரு. இங்கிலீஷ் ரொம்ப கம்மி, மலாய் தெரியாதவங்களுக்கு செரமம். இதுக்கு அர மார்க் கொறச்சு, அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன்.

எல்லைல எறக்கி விடும்போது ஒரு பெரிய சீப்பு வாழப்பழம் குடுத்தாரு, கல்லு வாழைன்னு அர்த்தம் வர்ற பேரு, பன்னாங் சத்தா பக்கத்து வாழை, தோலு தடிமனா, பச்சையா கடிக்க முடியாத அளவுக்கு கெட்டி, உப்பு போட்டு அவிச்சுத்தான் சாப்டணும், அங்க புறாக்காரங்க கிளிக்கும் மத்த பறவைக்கும் கூட வைப்பாங்களாம். வீட்டுக்கு வந்து அம்மா அவிச்சு, தேங்காப்பூவும் சீனியும் தூவி குடுத்தாங்க. ரெண்டு நாள்ல காலி. வருசா வருசம் மார்ச் வாக்குல பெரிய புறா போட்டி நடக்குமாம், மகன் காலண்டர்ல வட்டம் போட்டுட்டான், அம்மா பாங்குக்கு போன் பண்ணி முன் சீட்டு தனக்குன்னு இப்பவே சொல்லிட்டாங்க.